பரிமாறுபவரின் மூச்சு: அயர்லாந்தின் 2004 புகைத் தடை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2004 மார்ச் 29, திங்கட்கிழமை. கோடைக்கால நேரத்துக்காக அயர்லாந்தின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதற்கு மறுநாள். அலுவலகம், தொழிற்சாலை, உணவகம், மதுக்கூடம் என்று கூரையும் சுவரும் கொண்ட ஏறத்தாழ எந்தப் பணியிடத்திலும் புகைபிடிப்பது அன்று முதல் குற்றமாயிற்று. கலிபோர்னியா 1998-லும் நியூயார்க் நகரம் 2003-லும் தங்கள் மதுக்கூடங்களிலிருந்து புகையை வெளியேற்றியிருந்தன. ஆனால் ஒரு நாடு முழுவதற்கும், எல்லாப் பணியிடங்களுக்கும் சேர்த்து இத்தகைய தடையைக் கொண்டுவந்தது அயர்லாந்துதான் முதலில்.

வேறு எந்த நாடு முதலில் செய்திருந்தாலும் இவ்வளவு வியப்பு எழுந்திருக்காது. சுமார் 40 இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 10,000 பப்கள் இருந்த நாடு அது. ஊர்த் திண்ணை, தேநீர்க்கடை, கச்சேரி மேடை, துக்க வீட்டிலிருந்து திரும்பியவர்கள் ஒன்றுகூடும் இடம் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்தால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்டது ஐரிஷ் கிராமத்துப் பப். அங்கே பீர்க் கோப்பையும் சிகரெட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை என்றே தலைமுறைகளாகக் கருதப்பட்டு வந்தது. இந்தச் சட்டத்தை யாரும் மதிக்கப் போவதில்லை என்று அப்போது சொன்னவர்கள் முட்டாள்கள் அல்லர். தங்கள் ஊரை நன்கு அறிந்தவர்கள்தாம். அவர்கள் கணிப்பு ஏன் பொய்த்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அயர்லாந்தியர்களின் குணத்திலோ அமைச்சர் ஒருவரின் துணிவிலோ மட்டும் விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சட்டம் யாரை முன்னிறுத்தி எழுதப்பட்டது என்பதில்தான் பெரும்பகுதி விடை இருக்கிறது.

வாடிக்கையாளரிலிருந்து ஊழியருக்கு

பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்துவது அயர்லாந்துக்குப் புதிதன்று. 1988-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும் அதன்கீழ் 1990-இல் வந்த விதிகளும் பள்ளிகள், அரசு அலுவலகங்கள், திரையரங்குகள் போன்ற இடங்களை ஏற்கெனவே கட்டுக்குள் கொண்டுவந்திருந்தன. பப் மட்டும் தொடப்படவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: திரையரங்குக்குக் குழந்தைகளும் போகிறார்கள், பப்புக்குப் போகிறவர் விரும்பித்தானே போகிறார், அங்குள்ள புகையை விரும்பாவிட்டால் போகாமல் இருக்கட்டும். பேச்சு வாடிக்கையாளரைப் பற்றியதாக இருக்கும்வரை இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம்.

2002-இல் நிறைவேறிய பொதுச் சுகாதார (புகையிலை) சட்டத்துக்குப் பின், புகையிலைக் கட்டுப்பாட்டு அலுவலகமும் பணியிடப் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து அறிவியலாளர் குழு ஒன்றிடம் அறிக்கை கேட்டன. பிறர் விடும் புகை பணியிடத்தில் இருப்போரை எப்படிப் பாதிக்கிறது என்பதே அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. பேச்சின் திசை மாறியது இங்கேதான். வாடிக்கையாளர் ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விடுவார். கோப்பை கழுவுபவரும் பரிமாறுபவரும் வாரத்துக்கு 40 மணி நேரம் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள். வேறு பப்புக்கு வேலை மாறினாலும் அங்கும் அதே காற்றுதான். அவர்களுக்கு விருப்பத் தேர்வு என்று ஒன்று இல்லை. பிறர் விடும் புகை புற்றுநோயையும் இதயநோயையும் விளைவிக்கிறது என்றும், காற்றோட்டக் கருவிகளால் அந்த ஆபத்தை நீக்க முடியாது என்றும் குழு முடிவுக்கு வந்தது.

காற்றோட்டம் பற்றிய அந்த முடிவுதான் பின்னர் நடந்த சண்டையில் மிகவும் பயன்பட்டது. காற்றோட்டக் கருவி புகையை அழிப்பதில்லை, புதுக்காற்றைக் கலந்து அதன் செறிவைக் குறைக்கிறது. நாற்றமும் மங்கலும் குறைவதால் காற்று தூய்மையாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் புகைபிடிப்பவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் இடையே உள்ள ஓரிரு அடி தூரத்தில் எந்த விசிறியும் குறுக்கே வந்து நிற்க முடியாது. புற்றுநோய் விளைவிக்கும் பொருளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவும் வகுக்க முடியாது.

இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைய சுகாதார அமைச்சர் மீஹால் மார்ட்டின் 2003 ஜனவரி 30 அன்று தடையை அறிவித்தார். பிற்காலத்தில் நாட்டின் பிரதமரான அவர், அந்நாளில் தம் ஃபியன்னா ஃபாயில் கட்சிக்குள்ளேயே தனித்து நிற்க வேண்டியிருந்தது. பப் உரிமையாளர் ஒருவர் தம் தொகுதியில் எவ்வளவு செல்வாக்கு உள்ளவர் என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் அறிந்திருந்தார்கள்.

ஓராண்டுச் சண்டை

தடை 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. முதலில் அமைச்சரின் விதிகளாக மட்டும் வரையப்பட்டதை, நீதிமன்றத்தில் கவிழாதபடி நாடாளுமன்றத்தின் திருத்தச் சட்டமாகவே கொண்டுவர முடிவானது. அந்த மாற்றங்களில் நாள் தள்ளிப்போய் மார்ச் இறுதி ஆயிற்று. இந்தத் தாமதத்தை எதிர்த்தரப்பு வெற்றியாகக் கொண்டாடியது. உண்மையில் அது சட்டத்தின் கால்களை உறுதிப்படுத்திய காலம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஊர்ப்புறப் பப்களின் கூட்டமைப்பும் டப்ளின் மதுக்கூட உரிமையாளர் சங்கமும் எதிர்ப்பை முன்னின்று நடத்தின. வேலைகள் போகும், சுற்றுலா குறையும், கிராமம் வெறிச்சோடும் என்பவை அவர்களுடைய பொது வாதங்கள். இவற்றோடு சமரசத் திட்டங்களும் வந்தன: காற்றோட்டம் உள்ள தனிப்பகுதி, இரவு இத்தனை மணிக்கு மேல் மட்டும் அனுமதி, உணவு பரிமாறும் இடத்துக்கு மட்டும் தடை. ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் அந்தத் தனிப்பகுதிக்குக் கோப்பையை எடுத்துச் செல்பவர் யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் திட்டம் நொறுங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் ஊழியரின் நுரையீரல் வேறு பொருளால் ஆனதாக மாறிவிடுவதில்லை. பிரச்சினையைப் பணியிடப் பாதுகாப்பு என்று வகுத்துவிட்ட பிறகு சமரசத்துக்கான வாசல்கள் தாமாகவே அடைபட்டன.

மதுக்கூட ஊழியர்களைக் கொண்ட மாண்டேட் தொழிற்சங்கம் தடையை ஆதரித்தது. முதலாளிகள் வேலை போய்விடும் என்று அச்சுறுத்தியபோது, அந்த வேலையைச் செய்கிறவர்களின் சங்கமே தடை வேண்டும் என்று நின்றது வாதத்தின் முதுகெலும்பை முறித்தது. புகைத் தடை வேண்டும் என்று கேட்பவர்கள் மருத்துவர்களாக மட்டும் இருக்கும் ஊர்களில் இந்த வலு கிடைப்பதில்லை.

பிரிவு 47

சட்டத்தின் நெஞ்சுப் பகுதி 47-ஆம் பிரிவு. புகைபிடிப்பவர் மட்டுமல்லாமல், இடத்தின் உரிமையாளரும் மேலாளரும் அப்போது பொறுப்பில் இருப்பவரும் குற்றவாளிகள் ஆவார்கள். அபராதம் 3,000 யூரோ வரை. தடையை நிறைவேற்றத் தம்மால் இயன்ற நியாயமான முயற்சிகள் அனைத்தையும் செய்ததாக உரிமையாளர் காட்ட முடிந்தால் அது அவருக்குத் தற்காப்பு.

இந்த அமைப்பின் நுட்பம் கவனிக்கத்தக்கது. பத்தாயிரம் பப்களின் வாசலிலும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. உரிமையாளரைப் பொறுப்பாக்கியதும், முந்தைய வாரம் வரை தடையை எதிர்த்துப் பேசிய அதே மனிதர் தம் கடைக்குள் அதன் காவலராக மாற வேண்டியதாயிற்று. தற்காப்பு விதி இருந்ததால், அறிவிப்புப் பலகை வைப்பதும் மேசையிலிருந்து சாம்பல் கிண்ணங்களை அகற்றுவதும் அவருடைய சொந்த நலனுக்கான காரியங்கள் ஆயின. சாம்பல் கிண்ணம் இல்லாத மேசையில் சிகரெட்டைப் பற்றவைக்கக் கை தயங்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறைவேற்றும் பணியும் காவல்துறையிடம் தரப்படவில்லை. உணவுத் தூய்மையைச் சோதிக்க எப்படியும் சமையலறைக்கு வரும் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர்களிடமே தரப்பட்டது. வாடிக்கையாளர்கள் பார்வையில் இது காவல் நடவடிக்கையாக அல்லாமல், பாத்திரம் சுத்தமா என்று பார்ப்பதைப் போன்ற ஒன்றாகத் தோன்றியது.

எது உள்ளிடம், எது வெளியிடம் என்ற வரையறையும் சட்டத்திலேயே இருந்தது. கூரையே இல்லாத இடத்தில் புகைபிடிக்கலாம். கூரை இருந்தால், அதன் சுற்றளவில் பாதிக்கு மேல் சுவரோ சன்னலோ கதவோ இருக்கக் கூடாது. சிறைகள், மனநல மருத்துவமனைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லங்கள், விடுதிகளின் படுக்கையறைகள் ஆகியவற்றுக்கு விலக்கு தரப்பட்டது. அங்கே தங்கியிருப்பவர்களுக்கு அதுவே வீடு என்பது காரணம். பப்புக்கோ உணவகத்துக்கோ, சிறிதாயினும் பெரிதாயினும், ஒரு விலக்கும் கிடையாது.

முதல் மாதங்கள்

தடை வந்த மறுநாள், எதிர்க்கட்சியான ஃபைன் கேலின் சட்டத்துறைப் பேச்சாளர் ஜான் டீசி நாடாளுமன்ற வளாகத்திலிருந்த மதுக்கூடத்திலேயே சிகரெட் பற்றவைத்தார். கட்சித் தலைவர் எண்டா கென்னி அவரைப் பேச்சாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார். சட்டம் இயற்றியவர்களுக்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதி என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. எந்த விளம்பரமும் செய்திருக்க முடியாத வேலையை இந்தச் சிறு சம்பவம் செய்துவிட்டது.

அதே ஆண்டு ஜூலையில் கால்வே நகரப் பப் ஒன்று வெளிப்படையாகச் சாம்பல் கிண்ணங்களை மீண்டும் எடுத்து வைத்தது. வணிகம் சரிந்துவிட்டது என்பது உரிமையாளர்களின் முறையீடு. நாடெங்கும் இதைப் பின்பற்றிக் கலகம் மூளுமா என்று செய்தியாளர்கள் காத்திருந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் தடையாணை வரக்கூடும் என்ற நிலை உருவானதும் இரண்டே நாளில் உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். பிறகு அபராதமும் வழக்குச் செலவுமாக 9,000 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. அண்டை வீட்டார் மழையில் நனைந்துகொண்டு வாசலில் புகைபிடிக்கும்போது ஒரு கடை மட்டும் உள்ளே அனுமதித்தால், அந்தக் கடைக்கு எதிராக முதலில் குரல் எழுப்பப் போவது அரசன்று, பக்கத்துக் கடைக்காரர்தான். கலகம் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

முதலாண்டில் சோதனையிடப்பட்ட இடங்களில் 94 விழுக்காடு தடையைக் கடைப்பிடித்ததாக அதிகாரப்பூர்வமான மதிப்பீடு சொன்னது. அரசின் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தடைக்கு முன்னும் ஓராண்டு கழித்தும் புகைபிடிப்பவர்களையே கேட்டு நடத்தப்பட்ட தனி ஆய்வும் உண்டு. தாங்கள் கடைசியாகப் போன பப்பில் புகைபிடிப்பதைக் கண்டதாகச் சொன்னவர்கள் 98 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கும், உணவகத்தில் கண்டவர்கள் 85-இலிருந்து 3-க்கும் குறைந்தார்கள். பப்களில் முழுத் தடையை ஆதரித்த புகைப்பழக்கமுள்ளோர் 13 விழுக்காட்டிலிருந்து 46 ஆக உயர்ந்தார்கள். மக்கள் மனம் கனிந்த பிறகே சட்டம் போட வேண்டும் என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கலாம்: இங்கே சட்டம் முன்னே வந்தது, மனம் பின்னே வந்தது.

எதிர்பாராத விளைவுகளும் இருந்தன. புகை மறைந்ததும் அதுவரை அது மூடி வைத்திருந்த வியர்வை நெடியும், தரைவிரிப்பில் ஊறிய பழைய பீரின் வாடையும் வெளிப்பட்டன. வாசலில் கூடும் புகைக்கூட்டத்தில் அறிமுகமில்லாத ஆண்களும் பெண்களும் நெருப்புக் கேட்டுப் பேசத் தொடங்க, புகைபிடிப்பதையும் (ஸ்மோக்கிங்) சரசமாடுவதையும் (ஃப்ளர்ட்டிங்) ஒட்டி ‘ஸ்மர்ட்டிங்’ என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. பின்கட்டு முற்றங்கள் வெப்பமூட்டிகளோடு சீரமைக்கப்பட்டன. மாடி வீட்டுக்காரர்களுக்கோ நள்ளிரவில் வாசல் இரைச்சலும் காலையில் சிகரெட் துண்டுகளுமாகத் தொல்லை கூடியது.

அளந்து பார்த்தவை

இந்தத் தடை உடல்நலத்தில் என்ன மாற்றம் தந்தது என்பதை மூன்று தளங்களில் பார்க்கலாம். மூன்றும் ஒரே அளவு நம்பகமானவை அல்ல.

முதலாவது, காற்று. டப்ளினின் 42 பப்களில் தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடுகளில், 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள் 83 விழுக்காடும், புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் 80 விழுக்காடும் குறைந்திருந்தன. அதே ஆய்வில் பங்கேற்ற 73 ஊழியர்களின் வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு 79 விழுக்காடு குறைந்தது. இதில் ஐயப்பட அதிகம் இல்லை.

இரண்டாவது, ஊழியரின் உடல். நிகோடின் உடலுக்குள் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளை எச்சிலில் அளந்தால், ஒருவர் எவ்வளவு புகையை உள்வாங்கினார் என்பது தெரியும். 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று, புகைப்பழக்கம் இல்லாத மதுக்கூட ஊழியர்களை அயர்லாந்துக் குடியரசிலும், அப்போது தடை இல்லாத வட அயர்லாந்திலும் ஒரே காலத்தில் பின்தொடர்ந்தது. குடியரசில் கோட்டினின் 80 விழுக்காடு குறைந்தது. எல்லைக்கு அப்பால் 20 விழுக்காடு மட்டுமே. இருமல், மூச்சிரைப்பு போன்ற குறிகளில் ஏதேனும் ஒன்று இருப்பதாகச் சொன்னவர்கள் குடியரசில் 65 விழுக்காட்டிலிருந்து 49 ஆகக் குறைந்தார்கள். வட அயர்லாந்திலிருந்து பங்கேற்ற ஊழியர்கள் மிகச் சிலரே என்பது குறைதான். எனினும் ஒரே தீவு, ஒரே மாதிரியான பப், ஒரே மழை, சட்டம் மட்டும் வேறு என்ற நிலையில் செய்த ஒப்பீடு என்பதால், கிடைத்த சான்றுகளில் மிக வலுவானதாக இதையே நான் கருதுகிறேன்.

மூன்றாவது, மரணங்கள். 2000 முதல் 2007 வரையிலான இறப்புகளைக் காலத்தொடராக ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, தடை வந்தவுடன் 35 வயதுக்கு மேற்பட்டோரின் மொத்த இறப்பு 13 விழுக்காடும், இதயக்குழாய் அடைப்பால் ஏற்படும் இறப்பு 26 விழுக்காடும், பக்கவாத இறப்பு 32 விழுக்காடும் குறைந்ததாகவும், மொத்தம் 3,726 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாகவும் மதிப்பிட்டது. பருவகாலத்தையும் காய்ச்சல் பரவலையும் கணக்கில் கொண்டே செய்த ஆய்வு இது. ஆயினும் தடை இல்லாத ஒரு நாட்டை எதிரே நிறுத்தி ஒப்பிடாமல் கிடைத்த எண் என்பதால், திசையை நம்பலாம், துல்லியத்தை அவ்வளவாக நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. மேடைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதென்னவோ இந்த எண்தான்.

புகைப்பழக்கம் உடனே சரிந்துவிட்டதா என்றால், இல்லை. தேசிய வாழ்க்கைமுறை ஆய்வில் 2002-இல் 27 விழுக்காடாக இருந்த புகைபிடிப்போர் 2007-இல் 29 விழுக்காடாக இருந்தார்கள். 2015-இல் 23, 2019-இல் 17 என்று பின்னர் வந்த சரிவுக்கு வரியும் விற்பனைக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தே காரணம். பரிமாறுபவரைக் காப்பதற்கு எழுதிய சட்டம் புகைபிடிப்பவரைத் திருத்தவில்லை என்று குறை சொல்வது பொருத்தமாகாது.

வணிக இழப்பு பற்றிய வாதத்தில் ஓர் உண்மை இருந்தது: பப்களின் விற்பனை குறைந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் சரிவு தடைக்கு முன்பே தொடங்கிவிட்டது. கடையில் மலிவாக வாங்கி வீட்டில் குடிக்கும் பழக்கமும், பப்பில் ஏறிய விலையும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோர் மீதான கெடுபிடியும் தத்தம் பங்கை ஆற்றின. இவற்றிலிருந்து புகைத் தடையின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எளிதன்று. ஆனால் முன்னறிவிக்கப்பட்ட பேரழிவு எதுவும் நிகழவில்லை.

விலக்கு தந்தவர்களின் அனுபவம்

அயர்லாந்து செய்ததன் அருமை, அதைப் பாதி மட்டும் செய்த நாடுகளைப் பார்த்தால் விளங்கும். ஸ்பெயின் 2006-இல் 100 சதுர மீட்டருக்குக் குறைவான மதுக்கூடங்கள் தாமே முடிவெடுக்கலாம் என்று விட்டது. ஐந்தே ஆண்டில், 2011 ஜனவரியில், முழுத் தடைக்கு மாற வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க், பெர்லின் மாநிலங்கள் தனிப் புகையறை கட்டிக்கொள்ள அனுமதித்தன. ஒரே அறை கொண்ட சிறு கடைக்காரர்கள் எங்கே அறை கட்டுவது என்று வழக்குப் போட்டார்கள். முழுத் தடை விதிக்க அரசுக்கு உரிமை உண்டு, ஆனால் பெரியவருக்கு மட்டும் பயன்படும் விலக்கைத் தந்து சிறியவரை நசுக்கக் கூடாது என்று கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 2008 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தைக் கவிழ்த்தது அதன் கடுமையன்று, அதன் தாராளம். இங்கிலாந்திலும் உணவு பரிமாறாத பப்களுக்கு விலக்குத் தரும் திட்டம்தான் முதலில் இருந்தது. 2006 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதைத் தூக்கியெறிந்து முழுத் தடையைத் தேர்ந்துகொண்டது.

இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருட்கள் சட்டம் ஏறத்தாழ அதே காலத்தில் பிறந்தது. அதன் 4-ஆம் பிரிவு பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்துவிட்டு, 30 அறைகள் உள்ள விடுதிக்கும் 30 இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகத்துக்கும் தனிப் புகைப்பகுதி வைத்துக்கொள்ள இடம் தருகிறது. புகைபிடிப்பவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. அந்தச் சட்டத்தின் கண்ணில் இருப்பவர் பொது இடத்துக்கு வந்துபோகும் மக்கள். புகைப்பகுதிக்குள் தட்டை ஏந்திப் போகிறவர் அல்லர்.

அயர்லாந்தின் சட்டத்திலும் அந்த ஊழியர் முழுமையாகக் காப்பாற்றப்படவில்லை. விடுதி அறைக்கு விலக்கு இருப்பதால், இரவெல்லாம் புகைபிடித்த அறையைக் காலையில் துடைப்பவர் அதே நெடியைச் சுவாசிக்கிறார்; சிறைக் காவலர் நிலையும் அப்படித்தான். பாதிச் சுவர் விதியை ஒட்டிக் கட்டப்பட்ட முற்றங்கள் பலவற்றில், கூரையின் கீழ் மூன்று பக்கம் திறந்தும் ஒரு பக்கம் அடைத்தும் மேசைகள் கிடக்கின்றன, வெப்பமூட்டியும் எரிகிறது. காலிக் கோப்பைகளைப் பொறுக்க அங்கே ஓர் ஊழியர் மணிக்குப் பல முறை போய் வருகிறார்.